வேறு வைக்காத வீடு

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடுதல். என் வீட்டுக்காரர் மருது செக்காலையில் ஆட்டோ ஓட்டுகிறார். "ஏன்டி அனுசுயா, ரத்தம் எடுக்குற வேலை எதுக்கு உனக்கு? போலீசுல சேந்திருக்கலாம்ல" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய் ஊசி குத்துகிறவளுக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் அதிசயம். வெறும் வயிறு என்று சத்தியம் பண்ணுகிறவர் வாயில் வடை வாசம் அடிக்கும். இனிப்பே தொடுவதில்லை என்பவர் தலையணைக்கடியில் மிட்டாய்த் தாள் கிடக்கும். மனிதர்கள்தான் பொய் சொல்வார்கள், ரத்தம் சொல்லாது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். கோட்டையூரில் ஒரு வீட்டில் அந்தப் பெருமை சந்தி சிரித்தது.

ஆடி மாசம். சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் லேபுக்குப் போன் பண்ணினார். பெயர் கார்த்திகேய சிவம். தன் மனைவிக்கு மாசம் ஒருமுறை வீட்டுக்கே வந்து லித்தியம் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். மனநிலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. அளவு கொஞ்சம் கூடிவிட்டால் அதுவே விஷம். அதனால் ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வீட்ல எங்க ஆத்தா இருப்பாக. எதுன்னாலும் அவுகட்டக் கேட்டுக்கங்க. அவகிட்டப் பேச்சுக் குடுக்காதீக. மனசு சரியில்லாத பொண்ணு. பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அவ்வளவு மிருதுவாக வந்தது. இப்படி ஒரு புருஷனா என்று நான் உருகிப்போனேன். என் சந்தேகம் அன்றைக்கு மட்டும் எங்கே போய்த் தொலைந்ததோ.

அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் போலத்தான் அதுவும். முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போவதற்குள் ஒரு தெருவே நடந்துவிடலாம். அத்தனை பெரிய வீட்டில் இருந்தது இரண்டே பேர். மாமியார் தேனம்மை ஆச்சி, அறுபத்தெட்டு வயசு. மருமகள் சிவரஞ்சனி, முப்பதுகூட ஆகவில்லை. வாசலில் ஒரு கேமரா. உள்ளே நுழைந்ததும் ஆச்சி கதவைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது.

சிவரஞ்சனி வளவில், நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான செட்டியார் வீட்டுப் பெண்ணை வயசு பார்க்காமல் ஆச்சி என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "கையை நீட்டுங்க சின்ன ஆச்சி. மருந்து கடைசியா எப்பச் சாப்பிட்டீக?" என்று கேட்டேன்.

"ராத்திரி எட்டு மணிக்கு" என்றார் பெரிய ஆச்சி.

"தலைசுத்தல், வாந்தி எதுவும் இருக்கா?"

"இல்ல" என்றார் பெரிய ஆச்சி.

கை யாருடையது, வாய் யாருடையது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சின்ன ஆச்சி என்னைப் பார்த்து, "இன்னைக்கு என்ன தேதிங்க?" என்றாள். "தேதி தெரிஞ்சு எந்தக் கலெக்டரப் பாக்கப் போற? பேசாம இரு" என்று மாமியார் வெடுக்கென்று அதட்டினார்.

அந்த நேரம் முகப்பில் போன் அடிக்க ஆச்சி எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும் சின்ன ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன டெஸ்டுக்கு எடுக்குறீக?"

சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொன்னேன். "லித்தியம்."

அவள் முகம் வெளிறிவிட்டது. "நான் பி.பார்ம் படிச்சவ. எனக்கு யாரும் எந்த மாத்திரையும் குடுக்கல. மாத்திரையே குடுக்காம டெஸ்ட் எடுக்குறாகன்னா என்ன அர்த்தம்? சோத்துல கலக்குறாக. கையில குடுத்தா நான் கண்டுபிடிச்சிருவேன்ல. ரெண்டு வருசம் முன்னாடி மதுரையில ஒரு மருந்துக்கடையில வேலை கிடைச்சிச்சு, போறேன்னு கெளம்புனேன். அன்னையில இருந்து நான் பைத்தியம். எந்த டாக்டரும் என்னையப் பாத்ததில்ல. என் வீட்டுக்காரரு போன்ல சொல்லி மருந்துச் சீட்டு எழுதி வாங்குறாரு."

"உங்க அப்பா அம்மா?"

"அம்மா இல்ல. அப்பா நாட்டரசன்கோட்டையில. மாப்பிள்ளை சொன்னாச் சரி அவருக்கு."

ஆச்சியின் காலடிச் சத்தம் கேட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது இன்னொன்றையும் கவனித்தேன். பின்கட்டில் ஒரே ஒரு அடுப்புதான் எரிந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உறுத்தியது. செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷத்துக்குள் அதே வீட்டுக்குள்ளேயே மருமகளுக்குத் தனி அடுப்பு, தனிச் சமையல் என்று ஏற்பாடு செய்துவிடுவார்கள். வேறு வைப்பது என்று பெயர். எவ்வளவு பிடிக்காத மருமகளுக்கும் அதைச் செய்துவிடுவார்கள். இவளுக்கு மூன்று வருஷமாகியும் செய்யவில்லை.

"சின்ன ஆச்சிய இன்னும் வேறு வைக்கலையா ஆச்சி?" என்று வாயைக் கிளறினேன்.

"அவளுக்குச் சோறு என் கையாலதேன். வந்த வேலை முடிஞ்சிருச்சுல்ல, கெளம்பு" என்றார்.

போச்சு, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருமகளுக்குத் தனி அடுப்பு கொடுத்துவிட்டால் சோற்றில் கலக்க முடியாதே! ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் அந்தக் கிழவியைத் திட்டிக்கொண்டே வந்தேன். லித்தியம் டெஸ்டை நாங்கள் மதுரைக்கு அனுப்பித்தான் பார்க்கிறோம். ரிசல்ட் வரட்டும், அதை வைத்துக்கொண்டு இந்தப் பொம்பளையைச் சும்மா விடப்போவதில்லை என்று மருதுவிடம் சவடால் வேறு விட்டேன்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. லித்தியம் சுத்தமாக இல்லை.

இரண்டு தடவை படித்தேன். சோற்றில் கலந்திருந்தால் ரத்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் எதையும் கலக்கவில்லை. அப்படியானால் அந்தப் பெண் சொன்னது கற்பனை. சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று சொல்கிற மனநோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணைப் பார்த்து ஏமாந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ரிப்போர்ட்டை அந்த ஆளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"அப்படின்னா மருந்து உள்ள போகலைன்னு அர்த்தமா?"

"ஆமா சார். ஒரு துளி கூட இல்ல."

"எத்தனை நாளா இருக்கும்?"

"குறைஞ்சது ஒரு வாரமாவது போயிருக்காது சார்."

"ரொம்ப நன்றிம்மா. பெரிய உதவி பண்ணிருக்கீக" என்றார். நானும் பெருமையாக வைத்துவிட்டேன்.

அடுத்த மாசம் போனபோது வீடு மாறியிருந்தது. வளவில் இரண்டு கேமரா. பின்கட்டில், அடுப்புக்கு நேர் மேலே, ஒன்று. நான் பெட்டியைத் திறந்ததும் வளவுச் சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. தூக்கிவாரிப் போட்டது.

"வாங்கம்மா. ஆத்தா, அவுகளுக்குக் காப்பி குடுங்க."

அதே மிருதுவான குரல். கேமராவுக்குள்ளிருந்து பேசினார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் தன் வீட்டைப் பார்ப்பதற்கு இத்தனை கண் எதற்கு? போன மாசம் தூங்கப் போன என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

சின்ன ஆச்சி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை நீட்டினாள், எடுத்துக்கொண்டேன். பெரிய ஆச்சி காப்பியோடு வந்தார். டம்ளருக்குப் பாதி, தரைக்குப் பாதி. கை அப்படி நடுங்கியது. வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சொம்பு. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். போன மாசம் ஈட்டி மாதிரி நின்ற பொம்பளை.

"அனுசுயா, எனக்கும் சுகர் பாத்துரு" என்றார். பேச்சு குழறியது.

"உங்களுக்கு எதுக்கு ஆத்தா?" என்றது சுவர்.

"தாகமா இருக்குப்பா. சுகரா இருக்குமோன்னு."

"சரி, எடுத்துக்கட்டும்" என்று உத்தரவு வந்தது. பெற்ற தாய், அறுபத்தெட்டு வயசில், தன் ரத்தத்தைக் கொடுக்க மகனிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

எடுத்துக்கொண்டு வந்தேன். சர்க்கரை சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை நடுக்கமும் தாகமும் குழறலும் எனக்குத் தெரிந்தவை. லித்தியம் கூடிப்போனவர்களிடம் பார்த்திருக்கிறேன். மீதி ரத்தத்தை என் சொந்தக் காசில் மதுரைக்கு அனுப்பினேன். பார்க்க வேண்டிய தேவை என்ன என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

மறுநாள் இரண்டு ரிசல்ட்டும் வந்தன. சிவரஞ்சனி: இல்லை. தேனம்மை: 1.9.

ஒன்றரையைத் தாண்டினாலே ஆபத்து. அந்த வயசுக்கு 1.9 என்றால் சிறுநீரகம் தாங்காது. யாருக்கு எழுதிய மருந்து, யார் ரத்தத்தில் ஓடுகிறது? மருமகள்தான் மாமியாருக்கு வைக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை, அடுப்பை அவள் தொடுவதே இல்லையே. அடுப்பு முழுக்கப் பெரிய ஆச்சி கையில்.

அப்புறம்தான் அது எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி புரிந்தது. புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிப்போர்ட்டை அனுப்பியது நான். அதற்கு அப்புறம்தான் அடுப்புக்கு மேலே கேமரா வந்தது.

போன் அடித்தது. "ரிசல்ட் வந்திருக்கணுமே?"

"ரத்தம் உறைஞ்சு போச்சு சார். திரும்ப எடுக்கணும்." பதினாறு வருஷத்தில் ஒரு ரிசல்ட்டைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.

"அப்படியா?" என்றார். "உங்க லேபுல அடிக்கடி இப்படி ஆகுமா?"

"எப்பவாவது சார்."

"நாளைக்கே எடுத்துருங்க. இந்தத் தடவையும் மருந்து இல்லைன்னா அவள வெளியூர்ல ஒரு இல்லத்துல சேத்துருவேன். வண்டிக்குச் சொல்லியாச்சு. வீட்ல வெச்சுப் பாக்கணும்னுதான் எனக்கு ஆசை. பாவம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். ஆச்சியின் ரிப்போர்ட் மடித்து என் பெட்டியில் இருந்தது. ஆச்சி கதவைத் திறக்கவே திணறினார். சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "சார், ஆச்சிக்கும் சுகர் சரியா வரல, இன்னொரு தடவை எடுக்கணும்."

"எடுங்க" என்றது சுவர்.

"ஊசி குத்துனா எனக்குக் கெறக்கமா வருதுப்பா. உள்ள படுத்துக்கிட்டுக் குடுக்குறேன்" என்று ஆச்சி என்னைச் சாமான் அறைக்குள் கூட்டிப்போனார். பித்தளைப் பாத்திரங்களும் பீங்கான் சாடிகளும் அடுக்கியிருந்த அறை. அங்கே கேமரா இல்லை. கதவைச் சாத்தியதும் நான் பொரிந்து தள்ளினேன்.

"மருந்த நீங்க சாப்பிடுறீக ஆச்சி. எனக்குத் தெரியும்."

அவர் ஒரு அண்டாவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "நீதான ரிப்போர்ட்டு அனுப்புனது?"

"ஆமா."

"ம்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டாதது இன்னும் கேவலமாக இருந்தது.

"தூளாக்கிக் குழம்புல போடச் சொன்னான். மொத நாளு போட்டேன். பெத்த புள்ள சொல்றானே, நல்லதுக்குத்தான் சொல்வான்னு போட்டேன். ரெண்டு நாளு அந்தப் புள்ள எந்திரிக்காமக் கெடந்தா. அதுக்கப்புறம் போடல. மாத்திரையப் பூராவும் கெணத்துல போட்டேன். நீ ரிப்போர்ட்டுக் குடுத்தியா, கேமராவ வெச்சுட்டான். அவன் பாக்க அவ தட்டுல போடணும். போட்டுருவேன். தூணு மறைவுல தட்ட மாத்திருவேன். கொட்டுனா அவனுக்குத் தெரிஞ்சிரும், நானே தின்னுருவேன். அவ்வளவுதேன்."

"வேறு வைக்காம இருந்தது..."

"தனி அடுப்புன்னா அவன் ஒரு நர்ஸ வெச்சிருவான். அவ கையால குடுப்பா. என் அடுப்பா இருந்தா என் இஷ்டம்."

"மகன்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல ஆச்சி?"

"முடியாதுன்னு இந்த வீட்ல எந்தப் பொம்பள சொல்லியிருக்கா, நான் சொல்ல? இவன் அப்பச்சி, என்னையக் கட்டுனவுக, இருந்தப்பவும் சொன்னதில்ல, இவன்கிட்டயும் சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சரின்னு தலையாட்டிட்டுச் செய்யாம இருக்குறது."

"சின்ன ஆச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவுக உங்களத்தான் சந்தேகப்படுறாக."

"சொன்னா அவ மூஞ்சியில தெரிஞ்சிரும். அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருக்கான். வையட்டும் என்னைய. வஞ்சாலும் சாப்பிடுறால்ல."

நான் இந்தப் பொம்பளையைக் கிழவி என்று திட்டியதை நினைத்தேன்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும் ஆச்சி. இல்லைன்னா ஒரு வாரம் தாங்க மாட்டீக."

"நான் போயிட்டா அவளுக்கு யாரு?"

சட்டென்று அது எனக்குத் தோன்றியது. "ஆஸ்பத்திரின்னா துணைக்கு ஒரு ஆள் வேணும்ல ஆச்சி? பொம்பள வார்டுல பொம்பள ஆள்தான் துணைக்கு இருக்கணும். வீட்ல வேற யாரு இருக்கா?"

ஆச்சி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அறையிலிருந்தே 108க்குப் போன் பண்ணினேன். பதினைந்து நிமிஷத்தில் வண்டி வாசலுக்கு வந்தது. ஆச்சி நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வளவுக்கு வந்ததும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். சுவர் கத்த ஆரம்பித்தது.

"என்னாச்சு? யாரு ஆம்புலன்ஸக் கூப்பிட்டது?"

"மயங்கிட்டாக சார்" என்றேன்.

"துணைக்கு வீட்டு ஆள் ஒருத்தங்க ஏறுங்கம்மா, சீக்கிரம்" என்றார் வண்டியில் வந்தவர்.

"அவ வேண்டாம். அவளுக்கு மனசு சரியில்ல. நர்ஸ அனுப்புறேன், அரை மணி நேரம்..."

"அரை மணி நேரமா? ஆள் போயிரும் சார்!" என்று அவர் சுவரைப் பார்த்தே சீறினார்.

ஆனால் சின்ன ஆச்சி வரவில்லை. தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் ஏற மாட்டேன். எனக்குத் தெரியும். நேத்து அவரு சொன்ன இல்லத்துக்கு என்னையக் கொண்டு போகத்தான் இந்த நாடகம். அயித்தையும் சேந்து நடிக்கிறாக. நீங்களும் அவரு ஆளுதான!"

அவள் சொன்னதில் என்ன தப்பு? நான்தான் போன மாசம் அவரிடம் நன்றி வாங்கினவள். கதவு விரியத் திறந்து கிடக்கிறது, இரண்டு வருஷமாக அவள் தவம் கிடந்த கதவு, அதைத் தாண்டிப் போகமாட்டேன் என்கிறாள். விளக்கிச் சொன்னால் சுவருக்குக் கேட்கும். ஆச்சி ஸ்ட்ரெச்சரிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்புவாள் என்று அவருக்கே நம்பிக்கை இருந்திருக்காது.

பெட்டியைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

படித்த பெண். பெயரைப் பார்த்தாள், வயசைப் பார்த்தாள், மருந்தைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் பெயரைப் பார்த்தாள். தூணிலிருந்து அவள் கை தானாக நழுவியது.

"அயித்தை" என்றாள்.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற, ஏறு" என்று ஆச்சி குழறலோடு அதட்டினார். அந்த அதட்டலுக்கு அந்தப் பெண் ஓவென்று அழுதுகொண்டு ஓடி வந்து ஏறினாள். சுவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஆச்சியை ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட்டார்கள். சின்ன ஆச்சி கட்டிலை விட்டு நகரவில்லை. வெளியே மருதுவின் ஆட்டோ நின்றது, பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அவரும் சொன்னார். "இப்பப் போயிருங்க சின்ன ஆச்சி, அவரு வந்துட்டாப் போக முடியாது" என்று நான் கெஞ்சினேன்.

"இவுகளத் துணையில்லாம விட்டுட்டா?" என்றாள். எனக்குக் கோபமாக வந்தது. கோபித்து என்ன செய்ய, ஆச்சிக்குத் தண்ணீர் கொடுக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் அவள்தான் இருந்தாள். என்னென்ன கேட்க வேண்டுமோ எல்லாவற்றையும் நர்ஸிடம் அவளே கேட்டாள். எத்தனை தரம் எடுக்கிறீர்கள், அடுத்த டெஸ்ட் எப்போது என்று அவள் கேட்டதைப் பார்த்து அந்த நர்ஸ், "நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்று விசாரித்தாள்.

நான் பயந்தபடியே மூன்று மணிக்கு ஆச்சியின் மகன் வந்துவிட்டார். விமானத்தில் மதுரைக்கு வந்து அங்கிருந்து கார். வெள்ளைச் சட்டை, திருநீறு, தாயைப் பார்த்ததும் நிஜமாகவே கண்ணீர். காலைத் தொட்டுக் கும்பிட்டார். பார்த்தவர்களெல்லாம் மனசு இளகினார்கள். டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், கையில் ஒரு படிவத்தோடு வந்தாள்.

"இந்த மருந்து இவங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கலை. அப்புறம் எப்படி உள்ள போச்சு? இதைப் போலீசுக்குத் தெரிவிச்சாகணும்."

"என் மனைவியோட மருந்து டாக்டர்" என்றார் அவர். குரல் அப்படியே மிருதுவாக இருந்தது. "அவளுக்கு மனநிலை சரியில்ல. ரெண்டு வருசமா வைத்தியம் பாக்குறேன், சீட்டெல்லாம் இருக்கு. அவதான் ஆத்தாவுக்குக் குடுத்திருக்கணும். வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. பாவம்."

நான் செய்த உதவி இரண்டாவது தடவையும் அவள் தலையில்தான் விடியப் போகிறதா? வார்டில் எல்லோரும் சின்ன ஆச்சியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நானும் ஒரு மாசம் அப்படித்தான் அவளை நினைத்திருந்தேன். அவள் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"ஆச்சி, உங்களுக்கு யாரு கொடுத்தா?" என்று டாக்டர் கட்டிலருகே குனிந்தாள்.

ஆச்சி மகனைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரம் நான் ஆச்சியை நம்பவில்லை. தட்டை மாற்றியது வேறு. அது தூண் மறைவில் நடந்தது. இது மகன் முகத்துக்கு நேரே. நாற்பது வருஷம் வளர்த்த ஒரே மகன். தலையாட்டியே பழகிய கழுத்து.

"இவன்தேன்" என்றார் ஆச்சி.

"ஆத்தா..."

"இவன்தேன் வாங்கி அனுப்புனான். அவளுக்குத் தெரியாம அவ சோத்துல கலக்கச் சொன்னான். கலந்தது நானு. அவளுக்குக் குடுக்க மனசு வராம நானே தின்னேன். அவளுக்கு ஒண்ணுமே இல்ல. வேலைக்குப் போறேன்னு சொன்னா, அதுதேன் அவ சீக்கு. எழுதிக்கங்க."

அவர் கொஞ்சமும் பதறவில்லை. தாயின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். டாக்டர் பக்கம் திரும்பித் தலையை மெல்ல ஆட்டினார்.

"ஆத்தாவுக்கும் மனசு சரியில்லாமப் போச்சு டாக்டர். இவளோடயே இருந்து இருந்து..."

அவ்வளவுதான், நொடியில் அது ஆச்சிக்கும் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு பொம்பளையைப் பைத்தியமாக்கிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். போனில் நான் நம்பிய குரல். இந்தச் சின்னப் பெண்ணும் நம்பிவிடுவாளோ?

டாக்டர் ஆச்சியைப் பார்த்தாள். சின்ன ஆச்சியைப் பார்த்தாள். படிவத்தைப் புரட்டினாள்.

"சார், உங்க முழுப் பேரு சொல்லுங்க."

"எதுக்கு?"

"மருந்தை யாரு வாங்கினதுன்னு ஒரு இடம் இருக்கு. அதுல எழுதணும்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

சுவரோரத்திலிருந்து சின்ன ஆச்சி ஓரடி முன்னே வந்தாள்.

"கார்த்திகேய சிவம்" என்றாள். "தகப்பனார் பேரு ராமநாதன். விலாசமும் நானே சொல்றேன், எழுதிக்கங்க."